காசுக்கும் சாதி



கூலியாக வந்த நூறு ரூபாய் நோட்டை, "நீ யார் யார் கையில் இருந்தாய்?" என்று நாம் கேட்டதுண்டா? இல்லை. எந்த நூறும் நூறுதான்.

இது கோர்ட்டில் முடிவான விஷயம். ஸ்காட்லாந்தில் ஹியூ கிராஃபோர்டு என்ற வக்கீல், இரண்டு இருபது பவுண்டு நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு தபாலில் அனுப்பினார். வழியில் அவை காணாமற்போயின. பிறகு ராயல் பாங்கில் அகப்பட்டன. "என் நோட்டைக் கொடு" என்றார். 1749-இல் கோர்ட்டு மறுத்தது. நேர்மையாக வாங்கியவனிடம் பறித்தால் நாளை எவன் நோட்டை வாங்குவான்? வியாபாரிகளுக்காகச் சொன்ன தீர்ப்புத்தான். ஆயினும் கூலிக்காரனுக்கும் அது காவலாயிற்று.

2009-இல் தொடங்கிய பிட்காயினுக்கு இந்தக் காவல் உறுதியில்லை. இது கம்ப்யூட்டர் கணக்கில் மட்டுமே உள்ள காசு. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போயிற்று என்பது ஊரறியத் திறந்த ஏட்டில் அழியாமல் நிற்கிறது. 2018 நவம்பரில் அமெரிக்க நிதி இலாகா இரண்டு பிட்காயின் முகவரிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. திருட்டு வழியில் வந்ததென்று கண்டால், காசு மாற்றும் கம்பெனிகள் கணக்கையே முடக்குவதுண்டு. திருடியவன் எப்போதோ விற்றுவிட்டுப் போயிருப்பான். அகப்படுகிறவன், ஏதுமறியாமல் கடைசியாக வாங்கியவன். யார் கையும் படாத புதுக் காசுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்!