போத்து நட்டு மரம் வளர்ப்போம்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மரம் நடுதலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. வரப்புகளில் பூவரசம் போத்துகளை ஊன்றியவர்கள் யார்? தோட்டத்து வேலிக்குக் கிளுவையும் ஒதியும் நட்டவர்கள் யார்? பெரும்பாலும் நம் முன்னோர்களே. எந்தக் கிளை வேர் பிடிக்கும், எப்பருவத்தில் அதனை வெட்ட வேண்டும் என்னும் அறிவு அவர்தம் கைகளில் இருந்தது. மரத்தின் நிழலும் காயும் தழையுமோ நிலமுடையவர்க்கே சேர்ந்தன. ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கவும் அதே வேலியோரம் சென்றால் ஏச்சுக் கேட்க நேர்ந்தது. ஏட்டில் ஏறாவிடினும் அவ்வறிவு நம் முன்னோர் ஈட்டிய கல்வியே. அதனை இன்று நம் வீட்டு மனையில் நமக்காகப் பயன்படுத்த வேண்டும்.

எல்லா மரங்களும் போத்தில் வளர்வதில்லை. பனைக்கு விதையே வழி. வேம்பு, புளி, இலுப்பை ஆகியவற்றையும் விதையிட்டு வளர்ப்பதே எளிது. பூவரசு, முருங்கை, கல்யாண முருங்கை, ஒதி, கிளுவை, ஆல், அத்தி ஆகியவை போத்தில் நன்கு வேர்விடும். நொச்சியும் ஆடாதொடையும் சிறு குச்சியிலேயே தழைத்துவிடும். இவ்விரண்டும் நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவருபவை. தமிழர் சிந்தனை வரலாற்றில் தனியிடம் பெற்ற பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) சித்த மருத்துவராகவும் விளங்கியவர் என்பதை இளைஞர்கள் அறிதல் நன்று. மூலிகை அறிவு நமக்கு அயலானதன்று.

வெட்டிய கிளை எவ்வாறு உயிர் பெறுகிறது? பட்டைக்கு அடியில் வளர்திசு என்னும் மெல்லிய உயிர்ப்படலம் உண்டு. அதனை ஒட்டிய பகுதியிலிருந்தே புதுவேர் பிறக்கிறது. வேர் வரும்வரை கிளையில் சேர்ந்துள்ள மாவுச்சத்தே அதற்கு உணவு. வளர்ச்சி ஊக்கி என்பதொன்று செடிகளில் உள்ளதை டச்சு அறிஞர் வென்ட் ஓட்ஸ் நாற்றுகளைக் கொண்டு 1928-இல் மெய்ப்பித்தார். ஆக்சின் எனப்படும் அவ்வூக்கி நுனியிலிருந்து அடி நோக்கி இறங்கி, வெட்டுவாயருகே சேர்ந்து வேரைத் தூண்டுகிறது. ஆகவேதான் போத்தைத் தலைகீழாக நடலாகாது என்று பெரியோர் கூறினர். கடைகளில் விற்கும் வேரூக்கித் தூளும் இவ்வகையைச் சேர்ந்ததே. மேற்கூறிய மரங்களுக்கு அது தேவையில்லை.

இனிச் செய்முறையைக் காண்போம். நோயற்ற மரத்தில் முற்றிய கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பசுந்தளிர்க் கிளை அழுகிவிடும். முருங்கைக்கும் பூவரசுக்கும் மணிக்கட்டுப் பருமனில் மூன்று அல்லது நான்கு அடி நீளம் போதும். நொச்சிக்குப் பென்சில் பருமனில் ஒரு சாண் போதும். அடிமுனையைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் தலைமாற்றம் நேராது. இலைகளைக் களைந்துவிட வேண்டும். வேரில்லாத கிளை இலை வழியே நீரை இழந்து காய்ந்துவிடும். மேல்முனையில் பசுஞ்சாணம் அப்பினால் வெட்டுவாய் உலராது. முருங்கைப் போத்தை மட்டும் இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, வெட்டுவாய் ஆறிய பின் நடுதல் நலம்.

போத்தைச் சம்மட்டியால் அடித்து இறக்கலாகாது. பட்டை உரிந்தால் வேர் பிறக்கும் இடமே கெடும். கடப்பாரையால் குழியிட்டு, மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இருக்குமாறு நிறுத்தி, சுற்றிலும் இறுக மிதிக்க வேண்டும். சிறு குச்சிகளைப் பழைய எண்ணெய்த் தகரத்திலோ பால் உறையிலோ அடியில் துளையிட்டு வளர்க்கலாம். செம்மண், மணல், மட்கிய குப்பை மூன்றும் சமபங்கு சேர்க்க வேண்டும். ஈரம் இருக்க வேண்டும், நீர் தேங்கலாகாது. பருவமழை தொடங்கும் தறுவாயே நடுதற்கு உகந்த காலம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சில வாரங்களில் தளிர் தோன்றும். உடனே, வேர் பிடித்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். சேமித்த உணவைக் கொண்டே தளிர் முதலில் எட்டிப்பார்க்கும். வேர் பின்னரே வரும். அசைத்துப் பார்ப்பதும் பிடுங்கிப் பார்ப்பதும் இளவேரை அறுத்துவிடும். இரண்டு திங்களேனும் பொறுத்திருக்க வேண்டும்.

போத்து மரத்திற்கு விதை மரத்தைப் போன்ற ஆணிவேர் அமைவதில்லை. ஆதலின் கூரையை ஒட்டி நடுதல் கூடாது. ஆலும் அத்தியும் சுவரைப் பிளப்பவை. ஊராட்சியின் இசைவு பெற்றுப் பொது இடத்தில் நடுக. ஒரே மரத்தின் போத்துகள் யாவும் ஒரே இயல்பின. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். ஆகவே பல மரங்களிலிருந்து போத்து எடுப்பதும், இடையிடையே விதைக் கன்று வைப்பதும் அறிவுடைமை.

வீட்டு மனைப் பட்டா பெற்றவர்கள் முதலில் நில அளவரைக் கொண்டு எல்லையை அளந்து கல் நடுக. பின்னர், கல்லுக்கு உட்புறமாகக் கிளுவையோ பூவரசோ வரிசையாக ஊன்றுக. வேலியும் ஆகும், ஆட்டுக்குத் தழையும் ஆகும், அடுப்புக்கு விறகும் ஆகும். பிறர் வேலியை நாடிச் சென்று ஏச்சுக் கேட்கும் நிலை அன்றோடு ஒழியும்.

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்றொரு பழமொழி உண்டு. முற்பாதி முற்றிலும் உண்மை. ஒடித்துவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிக் கீரையும் காயும் கைக்கெட்டும். பிற்பாதியை ஆசிரியர்களாகிய நாம் ஏற்பதற்கில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துள்ளது. பிள்ளைக்கு வேண்டுவது போத்துக்கு வேண்டுவதே: ஈரம், நிழல், பொறுமை.

வெள்ளி விழாவின் நினைவாக வீட்டுக்கு இரண்டு போத்து நடுவோம். ஒன்று நம் மனையில். மற்றொன்று, மரமில்லாத அண்டை வீட்டாருக்கு. நட்ட நாளைப் பிள்ளைகள் தம் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். முப்பெரும் செலவும் இதற்கில்லை. ஓர் அரிவாளும் ஒரு குடம் நீரும் போதும்.