இதயத் துடிப்பு மணமாகும்போது



உடற்குறிகளை அளக்கும் ஆடை மொன்றியலுக்குப் புதியதன்று. இந்நகரின் கரே டெக்னாலஜிஸ் நிறுவனம் உருவாக்கிய உணரிச் சட்டையைத்தான், 2018 டிசம்பர் முதல் 2019 ஜூன் வரை விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த கனடிய வீரர் டேவிட் சென்-ஜாக் அங்கே அணிந்து சோதித்தார். நாடித்துடிப்பு, மூச்சு, தோலின் வெப்பம் ஆகியவற்றை அது அளந்தது.

அளந்ததை எண்ணாகத்தான் காட்ட வேண்டுமா? மணமாகவும் வெளிப்படுத்தலாம் என்று எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜூடித் அமோரெசும் அவரது குழுவினரும் செய்து காட்டினர். 2018இல் அவர்கள் அறிமுகப்படுத்திய ‘பயோஎசென்ஸ்’, ஆடையில் செருகத்தக்க சிறு கருவி. நெஞ்சின் நுண்ணதிர்வுகளிலிருந்து இதயத்துடிப்பையும் மூச்சையும் கணித்து, மூன்று வகை வரையிலான மணங்களை அது வெளியிடும். பதறும் நெஞ்சுக்கு மூச்சின் வழியே ஆறுதல் தருவதே நோக்கம்.

மணத்தை ஏன் தேர்ந்தனர்? மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் தலாமஸ் என்னும் பகுதியைக் கடந்தே மேற்செல்கின்றன. மணமோ, உணர்ச்சியும் நினைவும் தங்கும் பகுதிகளை நேரடியாக எட்டுகிறது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஓடினாலும் அஞ்சினாலும் மகிழ்ந்தாலும் இதயம் விரைந்தே துடிக்கும். அதன் காரணத்தை உணரி அறியாது. எந்த மணம் யாருக்கு ஆறுதல் என்பதையும் அது அறியாது. சாம்பிராணி மணம் ஒரு தாய்க்கு வெள்ளிக்கிழமை மாலை. மற்றொரு தாய்க்குப் போரில் இழந்த மகனின் நினைவு. இங்கு பிறந்த பிள்ளைக்கோ, அடுக்குமாடிக் குடியிருப்பில் தீ எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யும் புகை!

பேருந்தில் அருகில் அமர்ந்திருப்பவருக்கும் அம்மணம் எட்டுமானால், அணிந்தவரின் பதற்றம் ஊரறிந்த செய்தியாகிவிடும். எனவே மணம் அணிந்தவரின் மூக்கைத் தாண்டலாகாது. அளவீடுகளும் அவருடைய உடைமையாகவே இருத்தல் வேண்டும்.

இளையோரே, உறக்கத்தில் உடல் தரும் குறிகளை ஆராயும் மையம் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லிலேயே, சக்ரே-கேர் மருத்துவமனையில் உள்ளது. இத்துறை உங்கள் வாசலுக்கு அருகிலேயே இருக்கிறது. மின்சுற்றைக் கல்லூரி கற்பிக்கும். எந்த மணம் யாரை அழவைக்கும் என்பதை வீட்டில் உள்ளவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள். கேட்காவிடினும் சொல்லுங்கள். அம்மாவின் மனம் அறியாத கருவி அம்மாவுக்கு ஆறுதல் தராது.