ஒரு பேரெண்ணும் ஒரு நம்பிக்கையும்

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்பது ஓர் எண். இலக்கத்தில் எழுதினால் 4294967297. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணியை வைத்து, கட்டந்தோறும் இரட்டித்துச் சென்றால், 33ஆவது கட்டத்துக்குரிய மணிகளோடு ஒன்றைக் கூட்ட வருவது இதுவே. பேரறிஞர் ஒருவரின் நம்பிக்கையைத் தகர்த்த பெருமை இவ்வெண்ணுக்கு உண்டு.

அவ்வறிஞர் பிரான்சு தேசத்துப் பேர்மா. தூலூசு நகரின் நீதிமன்றத்திலே பதவி வகித்த அவர், ஓய்வு நேரத்தைக் கணிதத்துக்கு அளித்தவர். 2ஐ அதனாலேயே பெருக்கினால் 4, 4ஐ அவ்வாறே பெருக்கினால் 16, பின்னர் 256, பின்னர் 65536. இவை ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்பன கிடைக்கும். இவ்வைந்தும் முதன்மை எண்கள்; அதாவது, தம்மாலும் ஒன்றாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் இத்தகையனவே என 1640ஆம் ஆண்டிலே பேர்மா நம்பினார். ஆயினும், அதற்குரிய நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

வரிசையில் ஆறாவதாக வருவதே நமது பேரெண். இதனைச் சாதாரண முறையிற் சோதிப்பதாயின், 65536க்குட்பட்ட முதன்மை எண்கள் 6542ஆலும் வகுத்துப் பார்க்க நேரலாம். 1732ஆம் ஆண்டில், உருசியாவிலே பணியாற்றிய 25 வயது இளைஞரான ஒயிலர், இவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடும் என அறிவித்தார். 641ஐ 6700417ஆற் பெருக்கிப் பார்ப்போர் எவரும் இவ்வுண்மையைத் தாமே காணலாம்.

இத்துணை எளிதில் அது அகப்படுவது எவ்வாறு? இப்பேரெண்ணை வகுக்கும் முதன்மை எண் எதுவாயினும், அதனை 64ஆல் வகுக்க ஒன்றே எஞ்சும் என்பதைப் பின்னாளில் ஒயிலரே நிறுவினார். இவ்விதிக்கு அமைந்த முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வருகின்றன. ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் வேண்டியிருந்த இடத்தில், ஐந்தாம் வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகின்றது. உழைப்பு நீண்டு செல்லுமிடத்தில் சிந்தனை குறுக்குவழி காட்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

பேர்மாவின் எண்கள் இதனாற் பயனற்றுப் போகவில்லை. 17 சமபக்கங்கள் கொண்ட ஒழுங்கான பல்கோணியை நேர்விளிம்பும் கவராயமும் மட்டுமே கொண்டு வரையலாம் என, 1796இல் செருமனியரான கவுசு அவற்றின் துணைகொண்டே கண்டார். ஆனால், 65537க்கு அப்பால் அவ்வரிசையில் முதன்மை எண் ஒன்றேனும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. இனி ஒன்றும் இல்லை என நிறுவியவரும் இலர். ஐந்து சான்றுகள் ஒரு விதியை நிலைநாட்டப் போதா என்பதைக் கற்பித்த இவ்வரிசையில், காணாமையும் இல்லாமைக்கு நிறுவலாகாது.