புல்லிலிருந்து தொடங்கும் ஹலால்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



வெள்ளிக்கிழமை காலை. தந்தை மகனிடம் பணத்தைக் கொடுத்து ஒரு கிலோ மாட்டிறைச்சி வாங்கிவரச் சொல்கிறார். மகனும் வாங்கி வருகிறான். எலும்பு அதிகமா, கொழுப்பு அதிகமா என்று தாய் பார்க்கிறாள். அந்த மாடு எங்கே மேய்ந்தது, யாருடையது, நோயுற்றிருந்ததா என்று அவ்வீட்டில் எவரும் கேட்பதில்லை. ஒரு முஸ்லிம் பிஸ்மி சொல்லி அறுத்தார். அத்துடன் எல்லாம் நிறைவுற்றது என்று எண்ணிக்கொள்கிறோம்.

நேயர்களே! அறுப்பு என்பது ஹலாலின் ஒரு பகுதியே ஆகும். ஸூரத்துல் பகராவின் 168ஆம் வசனத்தில், பூமியிலுள்ளவற்றுள் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு அல்லாஹ் மனித குலத்தையே அழைக்கின்றான். தய்யிப் என்றால் நல்லது, தூய்மையானது. மாட்டின் தூய்மை அது உண்ட உணவிலேயே தொடங்குகிறது. அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணிக்கு 'ஜல்லாலா' என்று பெயர். அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அதைக் கட்டிவைத்துத் தூய தீனி கொடுத்து, அசுத்தத்தின் தாக்கம் நீங்கிய பின்னரே உண்ணலாம் என்று இமாம்கள் விளக்கினர். இன்று நம் நகரங்களின் குப்பைமேடுகளில் பொலித்தீனையும் அழுகிய கழிவுகளையும் தின்றுகொண்டு நிற்கும் மாடுகளைக் காணும்போது, இச்சட்டம் நமக்காகவே சொல்லப்பட்டதைப் போன்று தோன்றவில்லையா?

புல் தின்னும் பிராணிக்கு அதன் இயல்புக்கு மாறான தீனியைக் கொடுத்தால் என்ன நேரும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. 1986இல் பிரித்தானியாவில் விசர்மாட்டு நோய் கண்டறியப்பட்டது. இறந்த விலங்குகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாடுகளுக்குத் தீனியாகக் கொடுத்தமையே அது பரவக் காரணமாயிற்று. அந்நோய் மனிதரையும் தாக்கியிருக்கக்கூடும் என்று 1996இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. இலட்சக்கணக்கான மாடுகள் அழிக்கப்பட்டன.

நமது நாட்டிலோ அல்லாஹ்வின் அருளால் புல் மேய்ந்த மாட்டைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, பொலன்னறுவை மாவட்டங்களின் பட்டி மாடுகள் பெரும்பாலும் புல்லை நம்பியே வாழ்கின்றன. அறுவடை முடிந்ததும் வயல்களில் எஞ்சும் தாளையும், வற்றிய குளங்களின் ஓரத்துப் புல்லையும் அவை மேய்கின்றன. பெரும்போகத்திற்கு வயல் உழப்படும் காலத்தில் காட்டோர மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்க்கப்படுகின்றன. இத்தகைய மாட்டின் இறைச்சியில் கொழுப்பு குறைவு. பச்சைப் புல்லிலுள்ள கரோட்டின் காரணமாகக் கொழுப்பில் சற்று மஞ்சள் நிறம் தெரியும். எனினும் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். வயது முதிர்ந்த மாட்டிலும் அந்நிறம் காணப்படும். கோடையில் புல் காய்ந்தால் நிறமும் மங்கிவிடும். நடந்து மேய்ந்த மாட்டின் தசை இறுக்கமானது. ஆகவே, தாய்மாரே, மெல்லிய தீயில் நீண்ட நேரம் வேகவிடுங்கள்.

கண்ணால் அறிய முடியாததைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இறைச்சிக் கடையில் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள்.

முதலாவது, இந்த மாடு எந்தப் பகுதியில், எந்தப் பட்டியில் வளர்ந்தது?

இரண்டாவது, உரிமையைக் காட்டும் பத்திரமும், கொண்டுவருவதற்கான அனுமதியும் உண்டா? ஓர் ஏழையின் பட்டியிலிருந்து களவாடப்பட்ட மாட்டைப் பிஸ்மி சொல்லி அறுத்தாலும் அவனுடைய உரிமை அழிந்துவிடாது. அது களவென்று அறிந்துகொண்டே வாங்குபவர் அக்களவில் பங்காளியாகிறார்.

மூன்றாவது, அண்மையில் நோயுற்றதா, ஊசி ஏற்றப்பட்டதா? மருந்து ஏற்றிய பிராணியை மிருக வைத்தியர் குறிப்பிடும் நாட்கள் கழியுமுன் அறுத்தல் ஆகாது.

நான்காவது, அனுமதி பெற்ற மடுவத்தில், பரிசோதனையின் பின்னர் அறுக்கப்பட்டதா? போயா தினத்தில் இறைச்சி விற்பனை தடைசெய்யப்பட்டிருக்க, அன்று இரகசியமாக வீட்டுக்கு வரும் பொதியை எந்தப் பரிசோதகரும் பார்த்திருக்கமாட்டார்.

இவை வீண் சந்தேகங்கள் அல்ல. 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் வீசிய கடுங்குளிரால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. அப்போது அம்மாகாணங்களில் இறைச்சி கொண்டுசெல்வதற்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. தானாகச் செத்தது நமக்கு ஹராம். வெட்டித் துண்டாக்கிய பின் செத்ததையும் அறுத்ததையும் எந்தத் தாய் பிரித்தறிவாள்? விற்பவரின் இறையச்சமும் வாங்குபவரின் விழிப்புமே அங்கே காவல். நனைந்த தானியத்தை உலர்ந்ததன் அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்து, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததை இறைச்சி வியாபாரச் சகோதரர்களும் நினைவிற் கொள்வார்களாக.

நேர்மையான வழி ஒன்றும் உண்டு. உழ்ஹிய்யாவில் ஒரு மாட்டிலே எழுவர் பங்குகொள்வதை நாம் அறிவோம். அதே போன்று ஆண்டின் ஏனைய நாட்களிலும் சில குடும்பங்கள் ஒன்றுகூடி, அறிந்த பட்டி உரிமையாளரிடம் ஒரு மாட்டை நேரே வாங்கி, அனுமதி பெற்ற மடுவத்தில் அறுப்பித்துப் பங்கிட்டுக் கொள்ளலாம். தெரிவு செய்யும்போது உழ்ஹிய்யாவுக்குக் கூறப்பட்ட அளவுகோலையே கைக்கொள்ளுங்கள்: தெளிவான குருடு, நோய், நொண்டி, எலும்பும் தோலுமான மெலிவு ஆகிய நான்கும் இருத்தல் கூடாது. விலையைப் பேசுங்கள், ஆனால் அவருடைய வறுமையைக் கண்டு அடிமாட்டு விலை கேட்காதீர்கள். ஆடு மேய்க்காத நபி எவரும் இல்லை என்பது நபிமொழி. மேய்ப்பவரை இழிவாக எண்ண நமக்கு என்ன தகுதி?

இளைஞர்களே! கிழக்கில் மாடு வளர்ப்போரில் பெருந்தொகையினர் தமிழ்ச் சகோதரர்கள். வாங்குவோரில் பெருந்தொகையினர் நாம். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளைக் காக்கக் கோரி 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். அம்பாறையின் வட்டமடுவிலோ விவசாயிகளுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் இடையிலான பிணக்கு பல்லாண்டுகளாக நீடித்தது. அங்கு வயல் செய்தவர்களில் நம்மவரும் உளர். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று போதித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். புல்வெளி அழிந்தால் மாடு குப்பைமேட்டுக்குத்தான் வரும். அது நம் சட்டிக்கும் வரும். அயலவரின் மேய்ச்சல் உரிமையைப் பேணுவது நீதி மட்டுமன்று, நமது ஹலாலைப் பேணுவதுமாகும்.

பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளையைத் தனியே கடைக்கு அனுப்பாதீர்கள். உடன் அழைத்துச் சென்று, அவன் காதுபட அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். விடை கிடைக்காத நாளில் வெறுங்கையுடன் திரும்புங்கள். அன்று வீட்டில் பருப்பும் கீரையும் ஆகட்டும். இறைச்சி வாங்காமல் திரும்பிய அந்த ஒரு நாளை உங்கள் பிள்ளை ஆயுள் முழுவதும் மறக்கமாட்டான்.

ஹலாலானதையும் தய்யிபானதையும் தேடி உண்ணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.