குடல் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடியும் ஜிம்

(நம் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உடற்பயிற்சி பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் டாக்டர் இல்லை, பி.காம் படித்த வங்கி குமாஸ்தா. எனக்கு நன்றாகத் தெரிந்த கேஸ் ஒன்றே ஒன்றுதான், அது என் வயிறு. குடல், மலம் என்று சில வார்த்தைகள் வரும். கையில் காபி வைத்திருப்பவர்கள் முதலில் குடித்து முடித்துவிடுங்கள்.

சின்ன வயதில் இந்த ஊர் தேகப்பயிற்சி சாலையில் கர்லாக்கட்டை சுற்றியவன் நான். ஓய்வு பெற்றபின் கீழே நம் ஜிம்மில் மறுபடி இரும்பைத் தொட்டேன். தரையிலிருந்து அறுபது கிலோ வரை தூக்கினேன். அந்த மிதப்பில்தான் மலத்தில் ரத்தம் வந்தபோது, எடை தூக்குவதால் வந்த மூலம் என்று நானே முடிவு கட்டி, ஏழு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டேன். அது மூலம் இல்லை. 2023 பிப்ரவரியில், பெருங்குடலின் இடது பக்கத்தில் ஏறக்குறைய ஒரு அடியை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய், மூன்றாம் நிலை. தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக ஒரு தையல்.

மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்கள். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை உறிஞ்சச் சொன்னார்கள். இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ள வேண்டும். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழ வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வீட்டுக்கு வரும்போது டாக்டர் சொன்னது: மூன்று மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள்.

பத்தாவது வாரம். தையல் ஆறிவிட்டது, வலி இல்லை. தண்ணீர் கேன்காரத் தம்பி கதவருகே வைத்துவிட்டுப் போய்விட்டார். என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். இருபது லிட்டர் கேன் இருபது கிலோ. குனிந்து, மூச்சைப் பிடித்து, தூக்கி, இடுப்பைத் திருப்பி ஸ்டாண்டில் கவிழ்த்தேன். யோசித்துப் பாருங்கள், ஜிம்மில் எந்தப் பயிற்சியாளரும் கற்றுத்தராத மோசமான முறை அது. அன்று மாலை தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போகும், நின்றால் வெளியே வரும். ஹெர்னியா.

மேல்தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்கிறது. நமக்குத் தெரிவது அது மட்டும்தான். உண்மையில் வயிற்றைக் கட்டிப் பிடித்திருப்பது அதற்கு அடியில், தசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் கெட்டியான வெள்ளைப் படலம். அது பலம் பெறப் பல மாதங்கள் ஆகும். அப்போதும் பழைய பலம் முழுதாக வருவதில்லை. வயிற்றின் நடுவே நீளமாகத் திறந்து செய்யும் ஆபரேஷனில் பத்தில் ஒருவருக்காவது பிறகு ஹெர்னியா வருகிறது. கேன் தூக்காதவர்களுக்கும் வரலாம். ஆனால் எனக்கு வந்ததைக் கேன் கணக்கில்தான் பற்று எழுதுகிறேன்.

சின்னதாக இருப்பதால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், கவனித்துக்கொண்டிருப்போம் என்றார் டாக்டர். புடைப்பு கல் மாதிரி கெட்டியாகி, வலித்து, உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்கள் அனைவரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தப்பு இதைவிடப் பெரியது. பயந்துவிட்டேன். காய்கறிப் பையைக்கூடத் தூக்கவில்லை. கீமோ வேறு நடந்துகொண்டிருந்தது. அந்த மருந்தில் ஆக்சாலிபிளாட்டின் என்று ஒன்று உண்டு. ஃபிரிட்ஜைத் திறந்து எதையாவது தொட்டால் விரல் நுனியில் ஷாக் அடிக்கும். "இனி ஒரு குடம்கூடத் தூக்காதே" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், எனக்கும் அது வசதியாக இருந்தது. நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க என் பழைய கிளைக்குப் போனேன். வாசலில் நான்கே படி. கைப்பிடியைப் பிடித்து ஏறி மேலே போனதும் கால் நடுங்கியது. எனக்குக் கீழே வேலை பழகிய பையன் ஓடிவந்து நாற்காலி போட்டார். உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடத்தான் போயிருந்தேன். கையெழுத்தும் ஆடியது.

மறுவாரம் டாக்டரைக் கேட்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். "சார், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள்" என்றார். முடியவில்லை. "இருமுகிறீர்களே, அது வயிற்றுக்குள் கொடுக்கும் அழுத்தம் இரண்டு கிலோ டம்பெல் கொடுப்பதைவிட அதிகம். அதற்குப் பயப்படாதவர் டம்பெல்லுக்கு ஏன் பயப்படுகிறீர்கள்?" என்றார். பதில் இல்லை.

முதல் ஒன்றரை மாதம் இரும்பே இல்லை. மல்லாந்து படுத்து, மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுப்பது, முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. காலையில் கடற்கரைச் சாலையில் நடை. ஏழரை மணி வரை வண்டி விடமாட்டார்கள் என்பதால், டூப்ளே சிலையிலிருந்து காந்தி சிலைவரை நிம்மதியாக நடக்கலாம். ஆனால் குடலைக் குறைத்தவர்களுக்கு அவசரம் சொல்லிக்கொண்டு வராது. கழிவறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் நான் வழியையே முடிவு செய்தேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

என் முதல் எடை எது தெரியுமா? எங்கள் பழைய தெருவில் ஒரு சொல்தா இருக்கிறார், எண்பது வயதைத் தாண்டியவர், பிரெஞ்சு பென்ஷன்காரர். அவரோடு பெத்தாங் ஆடப் போனேன். அந்த இரும்புக் குண்டு ஏறக்குறைய எழுநூறு கிராம். அவர்கள் குனிவதே இல்லை, கயிற்றில் கட்டிய காந்தத்தால் குண்டை எடுப்பார்கள். எனக்கு மட்டும் காந்தம் கிடையாது என்று சொல்லிவிட்டார். "நீ குனிந்து எடு முசியே, உனக்கு அதுதான் வைத்தியம்." ஒரு சாயங்காலத்தில் முப்பது தடவையாவது குனிந்திருப்பேன்.

பிறகு ஜிம். பழக்க தோஷத்தில் ஒரு நோட்டு போட்டேன். தேதி, எடை, எத்தனை முறை, மறுநாள் காலை புடைப்பு எப்படி. மூன்று நாள் பதிவு சுத்தமாக இருந்தால்தான் அடுத்த கிலோ. எங்கள் காலத்து வாத்தியார் "மூச்சைப் பிடித்துத் தூக்கு" என்பார். இப்போது அது எனக்கு ஆகாது. தூக்கும்போது மூச்சு வெளியே, இறக்கும்போது உள்ளே. விரல்களில் மரப்பு இன்னும் கொஞ்சம் இருப்பதால் கையுறை போட்டுக்கொள்கிறேன், எடையைக் கால்விரலுக்கு நேராகப் பிடிப்பதில்லை. இரண்டு கிலோவில் ஆரம்பித்து, வெறும் ராடுக்கு வரவே ஏழு மாதம் ஆனது. இன்று நாற்பது. அறுபது வேண்டாம் என்று டாக்டரும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். சில நாள் அந்தப் பெரிய தட்டுகளைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், அது வேறு விஷயம்.

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து வீரர் டேரன் ஃபிளெட்சருக்குப் பெருங்குடல் புண் நோய். 2013 ஜனவரியில் ஆபரேஷன், மறுபடி மைதானத்துக்கு வந்தது டிசம்பரில். கூடவே டாக்டர், பயிற்சியாளர் எல்லாம் இருந்த இளைஞருக்கே பதினோரு மாதம். நான் பத்து வாரத்தில் கேனைத் தூக்கியிருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் ரோல்ஃப் பெனிர்ஷ்கே என்பவர் 1979இல் ஆபரேஷன் ஆகி, வயிற்றில் மலப்பையோடு மறுவருடமே ஆட வந்தார். பை இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆனால் பை வைத்தவர்களுக்கு அந்த இடத்தில் ஹெர்னியா வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். பெல்ட் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் தூக்க வேண்டும்.

2025 ஜூனில் ஒரு ஆய்வு வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். பாதிப் பேருக்கு மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி, மீதிப் பேருக்குப் புத்தகம் மட்டும். எட்டு வருடம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் எண்பத்து மூன்று. அங்கே பெரும்பாலும் வேக நடை போன்றவைதான், என்னைப்போல இரும்பு இல்லை. தசைப்பிடிப்பு, மூட்டுவலி பயிற்சி செய்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கு ஏழு பேர். எந்த வங்கியும் அந்த வட்டி தராது. நான் நாற்காலியில் சாய்ந்து தள்ளிய அந்த ஏழு மாதத்தைப் பற்றி அன்று இரவு நிறைய யோசித்தேன்.

இந்த வளாகத்தில் இன்னும் இரண்டு பேர் குடல் ஆபரேஷன் ஆனவர்கள் என்று தெரியும், பெயர் சொல்லமாட்டேன். உங்கள் டாக்டர் சரி என்றால், செவ்வாய், வெள்ளி காலை ஆறரைக்கு நான் கீழே ஜிம்மில்தான் இருப்பேன். நோட்டையும் கொண்டுவருகிறேன். கேனைக் கவிழ்க்க மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது கேனைத் தரையிலேயே வைத்து, மேலே பம்ப் மாட்டியிருக்கிறோம்.