பாலத்துக்கு அப்பால் நூறு கிலோமீட்டர்



ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் ஈப்போவில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுதான். ஹாட்யாய்க்குப் போகலாமா, கிராபிக்குப் போகலாமா, அங்கே கார் வாடகை எவ்வளவு, நாலு நாள் போதுமா? இந்தப் பேச்சோடு பேச்சாகச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பேரன் ஒருவர் காஞ்சனாபுரிக்குப் போகத் திட்டம் போட்டார். சயாம் மரண ரயில் பாதையையும் குவாய் ஆற்றுப் பாலத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. கைப்பேசியில் வரைபடம், வாடகைக் கார் விலைப் பட்டியல், தங்கும் விடுதி என எல்லாம் தயார்.

வீட்டில் 88 வயதுப் பாட்டி இருக்கிறார். அவரிடம் பாலத்தின் படத்தைக் காட்டினார் பேரன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்:

"இந்தப் பாலத்துல நின்னு படம் எடுக்கவாய்யா அவ்வளவு தூரம் போறே? எங்கப்பாவை எந்த இடத்துல வேலைக்கு விட்டாங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அந்த வீட்டில் யாருமே கேட்டதில்லை.

1942இல் ஜப்பானியர்கள் மலாயாவைப் பிடித்த பிறகு ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போனது. தோட்டங்களில் வேலை இல்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை. சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்று ஆள் சேர்த்தார்கள். நம்பிப் போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது வலுக்கட்டாயம் தொடங்கியது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபரில் ஒன்று சேர்ந்தன. அந்த ஆண்டு மழைக்காலத்தில் பரவிய காலராவில் காட்டு முகாம்களில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மட்டும் ஏறக்குறைய 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000க்குச் சற்று மேல்.

இப்போது காஞ்சனாபுரிக்குப் போனால் எதைப் பார்க்கலாம்? போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெரும்பாலான கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறார்கள். செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்திலிருந்து போன தமிழருக்கு அப்படி ஒரு கல் கிடையாது. பட்டணத்தில் உள்ள வாட் தாவோர்ன் வராராம் புத்தக் கோயில் வளாகத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டதே 2023இல்தான். எண்பது ஆண்டுகள் கழித்து!

பாட்டிக்கு அப்போது ஆறு வயது. அப்பா போன நாளில் பெரட்டுக் களத்தில் லாரி நின்றது நினைவிருக்கிறது. உயிரோடு திரும்பி வந்த பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கேதான் உன் அப்பன் காய்ச்சலில் படுத்தான் என்றாராம். "கிஞ்சோக்கோ கிஞ்சாக்கோ, அப்படித்தான் சொன்னாரு. பக்கத்துல ஆறு, பெரிய மூங்கில் காடு."

பேரன் இரண்டு இரவு தேடினார். அந்தப் பாதையில் கின்சயோக் என்ற பெரிய முகாம் இருந்திருக்கிறது. இன்றைக்கு அது சாய் யோக் தேசியப் பூங்கா. காஞ்சனாபுரிப் பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சுற்றுலாப் பேருந்துகள் பாலத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி, சிறிது தூரம் ரயிலில் ஏற்றி, சாப்பாடு போட்டுத் திருப்பிவிடும். சாய் யோக்கில் போய் நினைத்த நேரம் வரை உட்கார வேண்டுமென்றால் சொந்தப் பொறுப்பில் கார் வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு திட்டம் முழுக்க மாறிப் போனது.

ஈப்போவிலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுவதுதான் முதலில் அவர் நினைத்தது. பல வாடகை நிறுவனங்கள் இதற்குச் சம்மதிப்பதில்லை. சம்மதித்தாலும் உரிமையாளரின் அனுமதிக் கடிதம், தாய்லாந்துக் காப்புறுதி, எல்லையில் வாகனப் பத்திரம் என்று நீளும். அதோடு ஹாட்யாயிலிருந்து காஞ்சனாபுரிக்கு 900 கிலோமீட்டருக்கும் மேல். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் காரிலேயே கழிந்துவிடும். விடுமுறை சாலைக்குத்தான் சரியாக இருக்கும்.

ஆகவே வேறு வழி பார்த்தார்கள். ஈப்போவிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் பாடாங் பெசார். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த நிலையத்திலேயே முடிந்துவிடும். அங்கிருந்து மாலையில் புறப்படும் தாய்லாந்து ரயிலில் படுத்துக்கொண்டால் மறுநாள் காலை பேங்காக். விமானத்தில் போனால் நேரம் மிச்சம்தான். ஆனால் 1943இல் சரக்குப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போனது இந்தத் தடத்தில்தான். மரண ரயில் பாதை பிரிகிற பான் போங் பகுதியை அந்த ரயில் காலையில் கடக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளை எழுப்பிவிட வேண்டும் என்று பேரன் குறித்து வைத்திருக்கிறார்.

பேங்காக்கில் கார். தாய்லாந்திலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பேராக் ஓட்டுநருக்குச் சிரமமில்லை. ஆசியான் நாடுகள் 1985இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மலேசிய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். ஆனாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விபத்து என்று வந்துவிட்டால் தாள் கூடுதலாக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. மைத்துனரும் ஓட்டப் போகிறார் என்றால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதாத ஆள் ஓட்டி இடித்தால் காப்புறுதி கைவிரித்துவிடும். முன்பணத்துக்குப் பல இடங்களில் ஓட்டுநர் பெயரிலேயே கடன் அட்டை கேட்பார்கள். இது தெரியாமல் போய் முகப்பில் நின்று தவிப்பவர்கள் நிறையப் பேர். வண்டியை எடுக்கும்போது நாலு பக்கமும் உள்ளேயும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்குக் காசு கேட்டால் காட்டலாம்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் இல்லை. கடப்பிதழ் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

எந்த மாதம்? மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை. ஏப்ரல் கடும் வெயில். அதிலும் ஏப்ரல் நடுவில் சொங்ரான் புத்தாண்டு நாட்களில் சாலை விபத்து அதிகம், அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம். டிசம்பர், ஜனவரி நல்ல காலம். நவம்பர் இறுதியையொட்டிப் பாலத்தில் ஒளி, ஒலிக் காட்சியோடு விழா நடத்துவார்கள். விடுதி கிடைப்பது கடினம். வாணவேடிக்கை பார்க்கத்தான் போகிறோம் என்பவர்கள் போகலாம். இந்தக் குடும்பம் அந்த வாரத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டது.

காஞ்சனாபுரியில் முதல் நாள் கல்லறைத் தோட்டம், நடுகல், பாலம். மறுநாள் 323ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்கே. ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் பாறையைக் கையால் வெட்டிய ஹெல்ஃபயர் கணவாய். அங்கே 1998இல் ஆஸ்திரேலிய அரசு அமைத்த காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட பாதையில் நடக்க வேண்டும், செருப்பு உதவாது. அங்கிருந்து சாய் யோக். அதற்கு மேலும் பர்மா எல்லை வரை சாலை போகிறது. ஆனால் பழைய பாதையின் ஒரு பகுதி 1980களில் கட்டிய அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. மலைச்சாலை என்பதால் இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும்.

வழியில் படிக்க ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் திணறல், அம்மா வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு.

பாட்டி போகவில்லை. முழங்கால் விடவில்லை. அவர் பிறந்த தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயங்கள் இல்லை, மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. கோயிலடி மண் ஒரு பிடி கொண்டுபோய் அங்கே போடச் சொன்னார். தாவர நோய்த் தடுப்பு விதிகளின்படி மண்ணை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது என்று பேரன் பக்குவமாக எடுத்துச் சொன்னார். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அதே கோயில் திருநீற்றைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார்.

பொட்டலத்தின் மேல் அப்பாவின் பெயரை எழுதச் சொன்னார். பேரன் பேனாவை எடுத்த பிறகுதான் கொள்ளுத் தாத்தாவின் பெயரை அந்த வீட்டில் யாரும் அதுவரை எழுதிப் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. பாட்டி எழுத்துக் கூட்டிச் சொல்ல, அவர் எழுதினார்.