முத்திரைத்தாளில் மணம் முறியாது

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டிக் காஞ்சியில் நடைபெற்ற சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

குடும்ப வழக்குகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்துள்ளனர். நாம் வழக்கறிஞரல்லோம், பள்ளி ஆசிரியர். ஆயினும் ஒரு குடும்பம் உடையும் ஓசை பள்ளிக்கூடத்தில் விரைவாகவே கேட்டுவிடுகிறது. சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை அல்லது காப்பாளர் என்னும் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல், மகளின் கையைப் பற்றிக்கொண்டு நிற்கும் தாயை ஆண்டுதோறும் சூன் திங்களில் நாம் காண்கிறோம். அந்த அனுபவமே இங்குப் பேசும் துணிவைத் தருகிறது.

முதலில் நம் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நாம் இளம் ஆசிரியராக இருந்த நாளில், நம் தெருவில் ஒரு கணவனும் மனைவியும் பிரிந்தனர். பெரியவர்கள் கூடினர். படித்தவர், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி இருபது ரூபாய் முத்திரைத்தாளை நம்மிடம் தந்தனர். "இருவரும் மனமொப்பிப் பிரிகிறோம், இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்த உரிமையும் இல்லை, பெண் பிள்ளை தாயிடமும் ஆண் பிள்ளை தகப்பனிடமும் இருக்க வேண்டும்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம். சாட்சியாகவும் கையொப்பமிட்டோம். ஊருக்கு ஒரு நன்மை செய்ததாகவே அன்று எண்ணினோம்.

பையன் சிறுவனாதலால் சில ஆண்டுகள் தாயிடமே வளர்ந்தான். அவன் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் தகப்பன் அந்தத் தாளோடு பள்ளிக்கு வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். அவர் கூலித் தறி நெய்பவர். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீரவில்லை. கோர்வைச் சேலை நெய்ய மறுபக்கம் நாடா தள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது காஞ்சியில் பிறந்த எவர்க்கும் தெரியும். அந்த ஆளாக மகனை அமர்த்தவே அவர் வந்திருந்தார். நாம் எழுதிய வரியை விரலால் தொட்டுக் காட்டி, "வாத்தியாரே, இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். நம்மால் தலைநிமிர முடியவில்லை.

அத்தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பதை அதன் பின்னரே தேடிக் கற்றோம். கற்றதைத்தான் இங்குச் சொல்ல வந்தோம்.

நம் மக்களிடையே மணவிலக்குப் புதிதன்று. மணம் முறிக்கவொண்ணாப் பந்தம் என்று சாத்திரங்கள் சொன்ன காலத்திலும், உழைக்கும் சமூகங்கள் பலவற்றில் பெரியோர் முன்னிலையில் தீர்த்துவிடுவதும் பெண் மறுமணம் புரிவதும் வழக்கமாக இருந்தன. 1949-இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. நாடு முழுமைக்கும் அத்தகைய உரிமையைப் பெண்களுக்குத் தர இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொணர்ந்த அண்ணல் அம்பேத்கர், அது நிறைவேறாது தடைப்பட்டபோது 1951-இல் சட்ட அமைச்சர் பதவியையே துறந்தார். அம்முயற்சியின் பயனாகப் பின்னர் வந்தவையே 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் 1956-இல் வந்த பிற சட்டங்களும் ஆகும். இத்திருமணச் சட்டம் பௌத்தர்க்கும் பொருந்தும். கிறித்தவர்க்கு 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் உண்டு. அதில் கணவனுக்கும் மனைவிக்கும் இருந்த வேறுபாட்டை 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் களைந்தது.

வழக்காற்றின்படி தீர்த்துவிடுவதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் ஒழித்துவிடவில்லை. 29-ஆம் பிரிவு அதனைக் காக்கிறது. ஆனால் அவ்வழக்கம் தம் சமூகத்தில் தொன்றுதொட்டு இடையறாது இருந்து வந்தது என்பதை, அதனை நம்பி வருபவரே சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். பத்துப் பேர் கையெழுத்திட்ட தாள் மட்டும் அதற்குப் போதாது. மெய்ப்பிக்க இயலாவிடில் முதல் மணம் நிலைத்து நிற்கும். அடுத்த மணம் செல்லாது.

அப்படி மறுமணம் செய்துகொள்பவர் குற்றவாளியாகவும் நேரலாம். நம் ஊரில் பிறந்த அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, புரோகிதரின்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணம் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் செல்லுபடியாயிற்று. மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அது திருமணமே. முதல் மனைவி இருக்கத் திருத்தணியில் இரண்டாம் மணம் புரிந்த ஒருவரை, ஏழடி வைக்கும் சடங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்று விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. அண்ணா கொணர்ந்த அந்த 7-அ பிரிவின்படி ஏழடிச் சடங்கு கட்டாயமன்று, ஆகவே இரண்டாம் மணம் நடந்தது, குற்றமும் நிகழ்ந்தது என்று 2001-இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. இக்குற்றம் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் உள்ளது. ஏழாண்டு வரை சிறை கிடைக்கலாம்; முதல் மணத்தை மறைத்திருந்தால் பத்தாண்டு வரை.

மனமொப்பிப் பிரிகிறோம் என்று நாம் எழுதிய சொற்களில் மற்றொரு தீங்கும் ஒளிந்திருந்தது. இருவரும் ஒப்பித் தனித்து வாழ்ந்தால் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை இல்லை என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவும் அதனையே சொல்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் முறைப்படி மணமுறிவு பெற்ற பெண், தன்னைக் காத்துக்கொள்ள வகையற்றவளாயின், மறுமணம் செய்யும் வரை அத்தொகையைக் கேட்கலாம். ஆகவே நம் தாள் அப்பெண்ணுக்கு விடுதலையையும் தரவில்லை. கேட்டுப் பெற இருந்த சோற்றையும் தட்டிப்பறிக்கப் பார்த்தது. முதல் கணவரை எழுத்தின் மூலம் மட்டும் பிரிந்து மறுமணம் செய்த ஒரு பெண்ணுக்கு, இரண்டாம் கணவர் பராமரிப்புத் தர வேண்டும் என்று 2025 சனவரியில் உச்சநீதிமன்றம் இரக்கத்தோடு தீர்த்துள்ளது. எனினும் அதற்காக அவர் பல்லாண்டுகள் வழக்காட நேர்ந்தது.

அப்படியாயின் நேர்வழி யாது? திருமணமாகி ஓராண்டு கடந்த பின்னரே பொதுவாக மணமுறிவு கோரலாம். கொடுமை, கைவிடுதல், பிறன்மனை நாடல் முதலிய காரணங்களை 13-ஆம் பிரிவு கூறுகிறது. இருவரும் ஒப்பினால் 1976-இல் சேர்க்கப்பட்ட 13-ஆ பிரிவு உண்டு: ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு அளித்து ஆறு மாதம் காத்திருந்து மீண்டும் தம் சம்மதத்தைக் கூற வேண்டும். தக்க காரணமிருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்சநீதிமன்றம் கூறியது. மனைவி தாம் இப்போது வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு அளிக்கலாம். தீர்ப்புக் கிடைத்த மறுநாளே மறுமணம் கூடாது. மேல்முறையீட்டுக்குரிய 90 நாள் கழிய வேண்டும்.

இனிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வோம். ஆண் பிள்ளை தகப்பனுக்கு, பெண் பிள்ளை தாய்க்கு என்று பாத்திரம் பண்டம் பிரிப்பது போலப் பிரிக்க நமக்கு எவரும் அதிகாரம் தரவில்லை. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். தந்தைக்குப் பின்னரே தாய் காப்பாளர் என்று அதிலுள்ள சொல்லுக்கு, தந்தை உயிரோடிருக்கும்போதும் அவர் பொறுப்பேற்காவிடில் தாயே காப்பாளர் ஆகலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்சநீதிமன்றம் பொருள் உரைத்தது. எவ்வயதாயினும் பிள்ளையின் நலமே தலையாயது. விவரம் அறியும் வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். மணம் செல்லாததாயினும் அதிற் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே. பெற்றோர் சொத்தில் அவர்களுக்குப் பங்குண்டு. எனவே எந்தப் பிள்ளையையும் பழித்துப் பேசுதல் நம் தெருவில் ஒழிய வேண்டும்.

இளைஞர்களே, குற்ற வழக்குகள் குறித்துச் சில சொற்கள். அக்காளை மைத்துனர் அடித்தார் என்று கேட்டவுடன் நீங்கள் கழியோடு போகிறீர்கள். மறுநாள் உங்கள் மீதும் வழக்குப் பதிவாகிறது. பின்பு காவலர் தேர்வில் வென்று சரிபார்ப்புப் படிவத்தை நிரப்புகையில் கை நடுங்குகிறது. அப்படிவத்தில் வழக்கை மறைத்தல் தனிக் குற்றச்சாட்டாகி வேலையையே பறிக்கக்கூடும். உண்மையைச் சொன்னவரின் தகுதியை அதிகாரி எவ்வாறு ஆராய வேண்டும் என்று 2016-இல் உச்சநீதிமன்றம் நெறிகள் வகுத்துள்ளது. ஆகவே கழியை வைத்துவிட்டு அக்காளை மருத்துவமனைக்கும் காவல் நிலையத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். கைதுக்குரிய குற்றம் பற்றிய தகவல் தந்தால் வழக்குப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அவர் அவ்வீட்டிலேயே வசிக்கும் உரிமையையும் கேட்கலாம்.

மனைவிக்கு இழைக்கும் கொடுமை முன்பு 498-அ என்று அறியப்பட்டது. இன்று 85-ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆயினும் புகார் வந்தவுடன் எந்திரம் போலக் கைது செய்யலாகாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. கோபத்தில் வெளியூரில் வாழும் நாத்தனாரையும் படுத்த படுக்கையான கிழவரையும் சேர்த்து எழுதினால், உண்மையான புகாரின் வலிமையே குன்றும். நடந்ததை நடந்தவாறு எழுதுங்கள்.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கவசம். எனினும் அது பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர் நமக்கு இழைக்கும் கொடுமைகளுக்கே உரியது. நமக்குள் எழும் குடும்பச் சண்டைக்கு அது பொருந்தாது. சாதி கடந்து மணந்தவரை மறுதரப்பார் தாக்கினாலோ சாதி சொல்லி இழிவுபடுத்தினாலோ அதனைத் தயங்காது நாடுங்கள். வயது வந்த இருவர் மணக்க இசையும்போது எந்தக் கூட்டமும் தலையிடலாகாது என்று 2018-இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. அது பிறருடைய பஞ்சாயத்துக்கு மட்டுமன்று, நம்முடையதற்கும்தான்.

இத்தனைக்கும் காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர்க்கு வருமான வரம்பின்றி வழக்கறிஞர் இலவசம். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் அலுவலகத்தில் ஒரு மனு எழுதித் தந்தால் போதும். தொலைபேசி எண் 15100.

நாம் முன்னர்ச் சொன்ன தாயும் அவ்வழியே சென்றார். நாமே உடன் சென்று, அந்தத் தாளை எழுதியவர் நாமென்றும் தவறென்றும் கூறினோம். மாதப் பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு கிடைத்தது. பையன் தாயிடமே இருக்க நீதிமன்றம் ஆணையிட்டது; ஞாயிறுதோறும் தந்தை அவனைக் காணவும் வழிசெய்தது. ஆனால் அதற்குள் அவன் ஓராண்டுப் படிப்பை இழந்திருந்தான். அவ்வோராண்டு நம் கையெழுத்தின் விலை.

எனவே வெள்ளிவிழா ஆண்டில் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். நம் தெருவில் நடக்கும் ஒவ்வொரு திருமணமும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு நம் படிப்பகத்தில் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் அமர ஏற்பாடு வேண்டும். பெரியவர்கள் சமாதானம் பேசட்டும், சேர்த்து வைக்கட்டும்; ஆனால் மணத்தை முறித்தும் பிள்ளையைப் பிரித்தும் தாள் எழுதுவதில்லை என்று உறுதி ஏற்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர் கையில் பேனா இருப்பது நம் சமுதாயம் நெடுங்காலம் போராடிப் பெற்ற பேறு. அப்பேனா ஒரு பிள்ளையைத் தறிக்குழிக்கு அனுப்பும் வரியை இனி எழுதலாகாது. முத்திரைத்தாளோடு எவரேனும் வந்தால், அவரைக் கையைப் பிடித்து நீதிமன்ற வாயில் வரை அழைத்துச் செல்லுங்கள். நாமும் உடன் வருவோம்.